முயல் காட்டிய கோடு

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் ஒரே தங்கையும், உங்கள் கேலிக்கு ஆயுள் சந்தாதாரருமான நான் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் ஆன்டிபாடியும் நலம். அங்கு நீங்கள், அக்கா, உங்கள் மருந்துக்கடை, உங்கள் இரத்தக்கொதிப்பு எல்லாம் அளவோடு இருக்கும் என்று நம்புகிறேன்.

போன மாதம் உங்கள் வீட்டுக் கூடத்தில், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் காப்பி டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருக்க, நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்னம்மா டாக்டரு, அஞ்சு வருஷமா ஒரு முயலை வச்சுக்கிட்டு என்னதான் பண்றே? இந்நேரம் அது குட்டி போட்டு, பேரன் பேத்தி எடுத்திருக்குமே!" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். பரவாயில்லை, சிரிப்பு உடம்புக்கு நல்லது, மருந்துக்கடைக்காரரே இலவசமாகக் கொடுக்கிறார் என்று விட்டுவிட்டேன். ஆனால் என் அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கு வாயடைத்துப்போய் நின்றதற்குச் சேர்த்து இன்றைக்குப் பதில் எழுதுகிறேன். நின்றபடி படிக்காதீர்கள், நீளமான கடிதம்.

முதல் விஷயம், என்னிடம் முயலே கிடையாது. அந்த முயலை நான் கண்ணால்கூடக் கண்டதில்லை. நம் செல்லைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வில் ஒரு புரதம் ஊசி நூல் கோத்த மாதிரி உள்ளேயும் வெளியேயும் நுழைந்து நுழைந்து புதைந்து கிடக்கிறது. அந்தப் புரதத்தில் ஒரு துணுக்கை எடுத்து எந்த ஊரிலோ ஒரு முயலுக்கு ஊசி போட்டார்கள். முயலின் உடம்பு 'யார்றா இவன் புதுசா' என்று கடுப்பாகி, அந்தத் துணுக்கை எங்கே பார்த்தாலும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடிகளை ரத்தத்தில் தயாரித்துவிட்டது. ஒரே வகை அல்ல, பல வகை. அதனால்தான் பாலிகுளோனல் என்று பெயர். ஓர் ஆளைத் தேடத் தெருவே கிளம்பினால் எப்படி இருக்கும்? ஒருத்தர் மூக்கை வைத்து அடையாளம் சொல்வார், ஒருத்தர் நடையை வைத்துச் சொல்வார், இன்னொருத்தர் 'எனக்கென்னவோ இவன்தான்னு தோணுது' என்று வழியில் போகிறவனை மறித்துவிடுவார். அந்தக் கூட்டம்தான் என் குப்பியில் இருக்கிறது. முயல் எப்போதோ கண்ணை மூடிவிட்டது. கம்பெனிக்காரர்கள் அதற்குப் பதிலாக வேறொரு முயலின் சரக்கை அனுப்பினார்கள். சோதனைத் தாளில் அது காட்டாத கோடு கிடையாது, ஜமுக்காளம் மாதிரி இருந்தது. அதனால் பழைய முயலின் மிச்சத்தை உறைபெட்டியில் வைத்து, தொட்டுத் தொட்டு, பயன்படுத்தியதையே திரும்பப் பயன்படுத்திக் காலம் தள்ளினேன்.

இதில் என்ன பெரிய வேலை என்று கேட்பீர்கள். கேளுங்கள். செல்லை உடைத்து, சோப்புக் கரைசலில் கலக்கி, ஜெல் என்னும் வழுவழுப்பான பலகையின் தலையில் இருக்கும் குழிகளில் ஊற்றி, கரண்ட் கொடுத்தால் புரதங்கள் இறங்கும். சின்னது வேகமாக, பெரியது மெதுவாக. அவற்றை அப்படியே ஒரு தாளுக்கு மாற்றி, பால்பவுடர் கரைசலில் ஊறவைக்க வேண்டும், ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்க. பிறகு முயலின் ஆன்டிபாடி. அது புரதத்தைப் பிடித்ததா என்று நமக்குத் தெரியாதே! அதனால் முயலைப் பிடிக்க ஆட்டின் ஆன்டிபாடி. ஆட்டுக்கு ஒளிரும் பொருளைக் கட்டி அனுப்பியிருப்போம். முயல் இருக்கும் இடத்தில் ஆடு நிற்கும், ஆடு நிற்கும் இடத்தில் கோடு தெரியும். முயல், ஆடு, மாட்டுப்பால். இதற்குத்தான் அத்தான், இத்தனை வருஷப் படிப்பு.

அந்த ஒரு கோட்டில்தான் என் தலையெழுத்து தொங்கிக்கொண்டிருந்தது. கோடு தெரிந்தால் பேராசிரியர் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து விழுந்தால், உங்கள் ஊர்க் கல்லூரியில் நீங்கள் நடையாய் நடந்து சொல்லி வைத்திருக்கும் வேலை எனக்கு. இந்த மாதக் கடைசிக்குள் வரவில்லையென்றால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். வேலை கிடைத்தால் நான் அம்மாவோடு இருக்கலாம், அவளும் தனியாக உட்கார்ந்து சுவரோடு பேச வேண்டியதில்லை. இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கூடத்தில் கேட்டீர்கள்.

முதல் வருஷம் பாடத்தில் போனது, அப்புறம் நாலு வருஷமாகக் கோடு வரவில்லை. ஏன் வரவில்லை? எங்கள் பேராசிரியருக்குக் கொதிக்க வைப்பது கடவுள் நம்பிக்கை மாதிரி. ஜெல்லில் ஊற்றும் முன் எந்தச் சாம்பிளாக இருந்தாலும் சூட்டுப்பெட்டியில் வைத்துக் கொதிக்கவிட வேண்டும். "நல்லாக் கொதிக்கட்டும்மா, கொதிச்சாத்தான் அது அடங்கும்" என்பார். கொதிக்க வைத்தேன். கோடு இல்லை. "இன்னும் கொஞ்சம் கொதிக்க விடு" என்றார். விட்டேன். இல்லை. கடைசியில் என் கையைப் பார்த்து, "சில பேருக்குக் கை ராசி இருக்காதும்மா, வருத்தப்படாதே" என்றார். விஞ்ஞானி அத்தான், விஞ்ஞானி! எங்கள் ஆய்வகத்துக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஜெல் ஓடி முடிந்ததும் குழிகள் இருக்கும் தலைப்பகுதியை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவோம். யார் ஆரம்பித்தது, எதற்கு என்று யாருக்கும் தெரியாது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பால்பவுடர் அண்ணன், எனக்கு முன்னால் சேர்ந்து இன்னும் முடிக்காதவர். பால்பவுடர் டப்பாவை வேறு யாரும் தொடவிடமாட்டார், டீயிலும் அதைத்தான் போட்டுக் குடிக்கிறார் என்று ஒரு பேச்சு. அவரிடம் கேட்டால், "எனக்குக் காமிச்சவர் வெட்டினார், நான் வெட்டறேன், நீயும் வெட்டு" என்றார்.

போன வாரம் சூட்டுப்பெட்டி மண்டையைப் போட்டது. ஆபீசில் போய்ச் சொன்னால், "எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பாக்கலாம்" என்றார்கள். அவர்கள் பார்ப்பதற்குள் எனக்கே பெட்டி வாங்க வேண்டி வரும். போதுமடா சாமி என்று, சாம்பிளைக் கொதிக்க வைக்காமல் மேஜையிலேயே கொஞ்ச நேரம் விட்டுவிட்டு அப்படியே ஊற்றினேன். அத்தான், கோடு வந்தது! எங்கே வர வேண்டுமோ அங்கே, ஒற்றைக் கோடு, மை வைத்த மாதிரி. பால்பவுடர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஏய், இது என்னடி இது" என்றார். மறுநாள் கெட்டிலில் தண்ணீர் சுட வைத்து ஒரு சாம்பிளைக் கொதிக்கவிட்டு, கொதிக்காததற்குப் பக்கத்துக் குழியில் ஊற்றி ஜெல்லில் ஓட்டி, தலையை வெட்டாமல் பார்த்தேன். கொதித்தது கட்டி தட்டிப்போய்க் குழியிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறது. இறங்கவே இல்லை. சவ்வுப் புரதம் சில சமயம் அப்படித்தான், கொதித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆக நாலு வருஷமாக நாங்கள் புரதத்தைக் கட்டி தட்ட வைத்து, அது சிக்கியிருக்கும் தலையை வெட்டி, அக்கறையாகக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்தில் விடிய விடியத் தேடியிருக்கிறோம்! என் வாழ்க்கையைக் குப்பை லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன், அதுவும் என் கையாலேயே. அழுவதா சிரிப்பதா, நீங்களே சொல்லுங்கள்.

பேராசிரியர் வந்தார். படத்தைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். கொதிக்க வைக்காத விஷயத்தைப் பயந்து பயந்து சொன்னேன். மனுஷர் அசரவில்லை. "பாத்தியா! நான் ஆரம்பத்துலேருந்து என்ன சொல்லிட்டு இருக்கேன்? சவ்வுப் புரதத்தைக் கொதிக்க வைக்காதேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா நீ?" என்றார். பால்பவுடர் அண்ணன் டப்பாவுக்குள் முகத்தை விட்டுக்கொண்டார், வெளியே எடுத்தபோது மூக்கெல்லாம் வெள்ளை. நான் "மன்னிச்சுக்குங்க சார்" என்றேன். என்ன செய்ய, கையெழுத்து வேண்டுமே. போட்டுவிட்டார் அத்தான், போட்டேவிட்டார்! என் கை ராசியைக்கூடப் பாராட்டினார்.

ஆகவே, அடுத்த முறை கூடத்தில் கூட்டம் சேர்க்கும்போது, மச்சினி கோட்டைப் பிடித்துவிட்டாள் என்று அதே குரலில், அதே செருமலோடு அறிவித்துவிடுங்கள். கல்லூரியில் சொல்லிவிடுங்கள், மாதக் கடைசிக்குள் வந்து நிற்கிறேன் என்று. அக்காவுக்கு என் அன்பு. அம்மாவுக்கு நானே நேரில் வந்து சொல்கிறேன், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிப் பெயர் வாங்காதீர்கள். உங்கள் உடம்பும் கடையும் வாயும் குறைவில்லாமல் இருக்க வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
இனிமேல் நீங்கள் சிரிக்காமல் 'டாக்டர்' என்று கூப்பிட வேண்டிய மைத்துனி

பின்குறிப்பு: மேலே இருப்பதையெல்லாம் முந்தாநாள் எழுதினேன். உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் ஒரு பார்சல் வந்தது. இந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவையே வெட்டி எடுத்துவிட்ட செல்களின் சாம்பிள். வேறொரு ஆய்வகத்தில் எப்போதோ கேட்டு வைத்து, நானே மறந்துபோனது. அதில் புரதம் இருக்கவே வழியில்லை, அதனால் கோடும் வரக்கூடாது. ஓட்டிப் பார் என்று யாரும் சொல்லவில்லை. கையெழுத்து மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கிறது, பேசாமல் மூட்டை கட்டியிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை அத்தான். முயலின் கடைசிச் சொட்டையும் வழித்துப் போட்டு ஓட்டினேன். அதே கோடு. அதே இடத்தில், மை வைத்த மாதிரி. அந்த முயல் பிடித்துக்கொண்டிருந்தது ஏதோ வேறொரு புரதத்தை. நம்முடையது எங்கே இருக்கிறதோ, இருக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

படத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பேராசிரியர் மேஜையில் வைத்தேன், பக்கத்தில் கையெழுத்துப் போட்ட பக்கத்தையும் வைத்தேன். "நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா" என்றார், கோபமே இல்லாமல். "தெரியும் சார், அதான் வந்தேன்" என்றேன். அந்தப் பக்கத்தை அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கல்லூரியில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள் அத்தான், எனக்குத் தெம்பு இல்லை. முயல், ஆடு எதுவும் விளக்க வேண்டாம். சின்னவள் இந்த வருஷமும் வரவில்லை, ஆனால் தப்பு ஒன்றும் பண்ணவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் அழுது முடிக்கும் வரை கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.