களைப்பைக் கண்டறியும் படிவம்

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, போன மாதம் எங்கள் பள்ளியில் 'ஆசிரியர் களைப்பு கண்டறியும் படிவ'த்தைக் கண்டுபிடித்தது. அறுபத்து நான்கு கேள்விகள், மூன்று பிரதிகள். அதைத் தயாரித்த குழுவின் செயலாளர் அடியேன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமையாக இருப்பதால் சொல்கிறேன்.

அதற்கு முன்பெல்லாம் ஓர் ஆசிரியர் களைத்திருக்கிறாரா என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. என்ன காட்டுமிராண்டிக் காலம் அது!

படிவத்தை நிரப்புவதற்காக எல்லோரையும் மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காரவைத்தோம். அதில் ஐம்பது நிமிடம், ஓய்வின் அவசியத்தைப் பற்றித் தலைமையாசிரியர் பேசினார். ஓவிய வாத்தியார் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார். கூட்டக் குறிப்பில் 'ஆழ்ந்து கவனித்தார்' என்று எழுதினேன். நிரப்பி முடியாதவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள்.

விதி மிக எளிது. கெடுவுக்குள் படிவத்தைக் கொடுத்தவர் சுறுசுறுப்பாக இருக்கிறார். அவருக்கு ஓய்வு தேவையில்லை. கெடு தாண்டியவர் கடமை தவறியவர். அவருக்கு ஓய்வு தர முடியாது, மெமோ தரலாம். இப்படியாக ஒரே வாரத்தில் எங்கள் பள்ளியில் களைப்பு 'முற்றிலும் ஒழிக்கப்பட்டது'.

ஒரே ஒரு வழக்குதான் இழுபறி. ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சர் பத்து நாள் விடுப்பு கேட்டிருந்தார். இனியும் ஓய்வெடுக்காவிட்டால் படுத்த படுக்கையாகிவிடுவார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த டீச்சர் என் மனைவி. ஆனால் வீடு வேறு, ஆபீஸ் வேறு. வீட்டில் அவள் வாய் திறந்தால்கூட, "எதுவானாலும் படிவத்துல எழுதிக் குடு" என்று சொல்லிவிடுவேன். நேர்மை என்றால் அப்படியொரு நேர்மை.

குழு கூடி அவள் படிவத்தைப் பிரித்தது. உள்ளே ஒரே சிவப்பு மை. அறுபது விடைத்தாள்களுக்கு நடுவே இதுவும் கிடந்திருக்கிறது. மனுஷி தன் படிவத்தையும் சேர்த்துத் திருத்தித் தள்ளியிருக்கிறாள். 'காலையில் எழுந்ததும் அழத் தோன்றுகிறதா?' என்ற கேள்விக்கு 'தினமும்' என்று எழுதி, ஓரத்தில் 'விரிவாக எழுதவும், அரை மதிப்பெண்' என்று போட்டிருந்தாள். 'உங்களுக்கு மகிழ்ச்சி தருபவை எவை?' விடை இல்லை. பெரிய சுழியம், கூடவே 'வகுப்பைக் கவனி'. கடைசியில் மொத்தம் பத்தொன்பது. 'பாதுகாவலரிடம் கையெழுத்து வாங்கி வரவும்.'

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவு நேர்த்தியா திருத்தறவங்களைப் போய்க் களைச்சவங்கன்னு எப்படிங்க சொல்றது?"

"திருத்தினது அவங்களோட சொந்தப் படிவத்தை சார்" என்றார் உடற்பயிற்சி ஆசிரியர்.

"பார்த்தேனே. துளிகூடப் பாரபட்சம் இல்ல. கூட்டல்கூடச் சரியா இருக்கு."

விடுப்பு மறுக்கப்பட்டது. மற்ற நாற்பத்தோரு பேரின் படிவங்களையும் அவளே திருத்தித் தருவாள் என்று முடிவாயிற்று. உடற்பயிற்சி ஆசிரியர் மட்டும் எதிர்த்தார். 'ஏகமனதாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

படிவக் கட்டை நானே வீட்டுக்குச் சுமந்துபோனேன். சாப்பாட்டு மேசையில் அவள் விடைத்தாள்களோடு உட்கார்ந்திருந்தாள். விடுப்பு என்ன ஆயிற்று என்று கேட்பாள், விதிகளை விளக்கலாம் என்று தயாராகத்தான் வந்திருந்தேன். அவள் கேட்கவேயில்லை. கட்டை வாங்கிப் பேனா மூடியைக் கழற்றினாள்.

"நாளைக்கே வேணுமா?" என்றாள்.

பாதுகாவலர் கையெழுத்தையாவது போட்டு வைப்போமே என்று பையிலிருந்து அவள் படிவத்தை எடுத்தேன். கூட்டத்தில் நாங்கள் படிக்காமல் தாண்டிய நாற்பத்தோராம் கேள்வி கண்ணில் பட்டது. நானே யோசித்து, நானே எழுதிய கேள்வி: 'உங்கள் களைப்பை வீட்டில் முதலில் கவனித்தவர் யார்?'

'யாருமில்லை' என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் அழுத்தமாக ஒரு சிவப்பு டிக். அறுபத்து நான்கில் முழு மதிப்பெண் வாங்கிய விடை அது ஒன்றுதான்.

இத்தனை வருடத்தில் அவள் திருத்திய தாளில் ஒரு தப்புகூட யாரும் கண்டுபிடித்ததில்லை.