சாஸ்ட்ரோ அம்மாளின் வயலில் ஒரு சதுப்பு

வரைபடப் பேராசிரியர் என்றொரு இனம் உண்டு. அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தால், உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரில் தொங்கும் உலகப் படத்தைப் பார்ப்பார். பார்த்ததும் 'ச்சு' கொட்டுவார். அளவுகோல் எங்கே? கிரீன்லாந்து ஏன் இப்படிப் பெருத்துக் கிடக்கிறது? கோழி வறுவல் ஆறிக்கொண்டிருக்கும்போது கிரீன்லாந்து பெருத்தால் நமக்கென்ன, இளைத்தால் நமக்கென்ன?

விஸ்கான்சின் மாநிலத்தில் எங்கள் ஊர்க் கல்லூரியில் இருந்த ஆல்வின் டார்கெல்சன் இந்த இனத்தில் முதல் தரம். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியைக் காலடி எண்ணி வரைந்தவர். யுத்தத்தின்போது கண்ணால் காணாத பாலங்களையெல்லாம் வரைந்து பதக்கம் வாங்கியவர். ஏரிக்கரைகளின் வளைவு நெளிவைப் பற்றி நானூறு பக்கம் எழுதி, ஓர் ஏரியிலும் கால் நனைக்காமல் டாக்டர் ஆனவர். அப்புறம் பதினொரு வருஷம், விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துத் துருவித் துருவி, மாவட்டம் முழுவதையும் ஒரே புத்தகத்தில் அடக்கி, தலையணை கனத்தில் வெளியிட்டவர். "படத்துல இருக்கா?" என்பதுதான் அவர் எதற்கும் கேட்கும் முதல் கேள்வி. கடைசிக் கேள்வியும் அதுதான். மனைவி லோர்னா, "அந்த ரோட்டை மூடி ஆறு மாசம் ஆச்சுங்க" என்றால், "படத்துல திறந்துதான் இருக்கு" என்பார். கார் ஓட்டுவது யார்? நல்லவேளை, லோர்னா.

அறுபத்து மூன்றாம் வருஷம் மாவட்டத்தில் புதுச் சாலை போடத் திட்டமிட்டார்கள். டார்கெல்சனின் படத்தில் இர்மா சாஸ்ட்ரோ என்ற விதவையின் நிலத்தில் பெரிய சதுப்பு ஒன்று இருந்தது. சதுப்பில் சாலை போட முடியுமா? காகிதத்தில் சாலையை வளைத்தார்கள். வளைந்த சாலை இர்மாவின் மாட்டுக் கொட்டகைக்குள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறியது. நாற்பத்திரண்டு கறவை மாடுகள். அவள் பிழைப்பே அதுதான். 'என் நிலத்தில் சதுப்பே கிடையாது' என்று அவள் எழுதிய கடிதம், கடைசியில் பேராசிரியரிடமே வந்து சேர்ந்தது.

கோபத்தோடு கிளம்பினார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டார்.

"பூட்ஸ் எதுக்கு புரொபசர்?" என்றாள் இர்மா.

"சதுப்புக்கு வேற எப்படி வர்றது?"

"சதுப்பு எங்க இருக்கு?"

"அதுமேலதாம்மா நிக்கிறீங்க."

இர்மா குனிந்து பார்த்தாள். காலடியில் புழுதி. சுற்றிலும் ஆளுயர மக்காச்சோளம், காற்றில் சலசலவென்று.

"இருபத்தாறு வருஷமா இங்க உழறேன். என் கால்ல ஈரம் பட்டதில்ல."

"மழைக் காலத்துல பார்த்தீங்களா?"

"மழை பெஞ்சா உள்ள போய்ப் படுத்துக்குவேன்னு நெனச்சீங்களா? மாட்டுக்கு யாரு பால் கறக்கிறது?"

மண்வெட்டி வாங்கித் தோண்டினார். இடுப்பளவு. ஒரு மண்புழுகூட எட்டிப் பார்க்கவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியவர் பழைய விமானப் படங்களை எடுத்துப் பரப்பினார். இர்மாவின் நிலத்தில் அந்தக் கறுப்புத் திட்டு இருந்தது. சில நிமிஷம் கழித்து எடுத்த அடுத்த படத்திலும் இருந்தது. ஆனால் பக்கத்துப் பண்ணைக்கு நகர்ந்திருந்தது. சதுப்பு நடக்குமா? மேகத்தின் நிழல்! பதினொரு வருஷ உழைப்பு, இரண்டு பரிசுகள், அச்சுக்குத் தயாராக இருக்கும் இரண்டாம் பதிப்பு. வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியும்? படங்களை உறையில் போட்டார். வெளியே எடுத்தார். மறுபடி போட்டார்.

வியாழக்கிழமை விசாரணை. மண்டபம் நிறைய விவசாயிகள்.

"புரொபசர், அங்க சதுப்பு இருக்கா, இல்லையா?" என்றார் விசாரணைக் குழுத் தலைவர்.

டார்கெல்சன் எழுந்தார். தொண்டையைச் செருமினார். இர்மா மடியில் கைகளை இறுகக் கோத்து உட்கார்ந்திருந்தாள்.

"இல்ல. அது மேகம். தப்பு என்னோடது."

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. இர்மா மட்டும் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாலை நேராயிற்று. கொட்டகை தப்பியது.

வாசலில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அடுத்த பதிப்புல என் கொட்டகையப் போடுவீங்களா?"

அவமானத்தில் சிவந்திருந்த முகம் சட்டென்று பழையபடி பேராசிரியர் முகமாயிற்று. "அந்த அளவுகோலுக்குக் கொட்டகையெல்லாம் வராதும்மா."

"மேகம் வந்துச்சே?"

போட்டார். பொட்டு அளவுக்கு ஒரு சதுரம். இன்றும் இருக்கிறது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள்: போன வாரம், ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, போனை எடுத்துப் பார்த்து, "இன்னிக்கு மழை இல்லைன்னு போட்டிருக்கு" என்று குடையை வைத்துவிட்டுக் கிளம்பினாரே ஒருவர், அவர் யார்?