பாக்கெட் பிரகஸ்பதி

மனித குலத்தில் பாக்கெட் பிரகஸ்பதி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். ஊரில் யாராவது ஊறுகாயோ ஊதுவத்தியோ தயாரித்து விற்கப் போவதாகக் காதில் விழுந்தால் போதும், சரக்கை ஒரு தடவை முகர்ந்துகூடப் பார்க்காமல், "அது கெடக்கட்டும், மேல என்ன போடப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காதில் செருகிய பென்சிலை எடுத்துவிடுவார். அவருக்குச் சரக்கு செய்யத் தெரியாது. விற்கத் தெரியாது. வாங்கிய பழக்கமும் இல்லை, வீட்டுக்கு மளிகை வாங்குவது அவர் மனைவி. ஆனால் உறை என்று வந்துவிட்டால் அவரை விட்டால் ஆள் கிடையாதாம். யார் சொன்னார்கள் என்கிறீர்களா? அவரேதான்.

வேதாரண்யத்தில் ஒரு பிரகஸ்பதி, உப்புப் பொட்டலத்தின் மேல் கடல், படகு, துள்ளும் மீன் எல்லாம் வரையச் சொல்லிவிட்டு 'உப்பு' என்று போட மறந்தார். கருவாட்டுத்தூள் என்று நினைத்து வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து சண்டை போட்டார்கள். திருவிடைமருதூரில் இன்னொருவர் அப்பள உறையின் நாலு பக்கத்தையும் அப்படி ஒட்டச் சொன்னார். பல்லால் கடித்து இழுத்து அதைப் பிரிப்பதற்குள் அப்பளம் பொடியாகிவிடும். இவர்கள் எல்லாம் கத்துக்குட்டிகள். இந்த இனத்தின் பூரண வளர்ச்சியைக் காண நீங்கள் கீழ்வேளூர் அமிர்தலிங்கத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அமிர்தலிங்கம் ஆளுங்கட்சிக் கூட்டங்களுக்குச் சுவரொட்டி வாசகம் எழுதுபவர். சுவரொட்டியில் தலைவர் முகம் பெரிய வட்டத்தில், மாவட்டச் செயலாளர் முகம் அடுத்த வட்டத்தில், வட்டச் செயலாளர் முகம் பொட்டு அளவில், அடியில் அடுக்குமொழி. ஒரு முகம் விட்டுப்போனாலும் மறுநாள் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். இந்தப் பயிற்சியில் வளர்ந்தவருக்கு எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கூட்டத்துக்கு வரச் சொல்லத்தான் கை போகும்.

எழுபத்தெட்டாம் வருஷம் அவரிடம் வந்து மாட்டிக்கொண்டவள் அம்சம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக மிராசுதார் வெளியூர் ஆளை இறக்கி நடவு நட்டுக்கொண்டார். அம்சமும் இன்னும் ஆறு பெண்களும், இனி அந்தக் களத்து வாசலில் கும்பிட்டு நிற்பதில்லை என்று முடிவு செய்து, சிவப்பரிசியை ஊறவைத்து, இடித்து, வறுத்துப் புட்டு மாவு செய்யத் தொடங்கினார்கள். மாவு மணந்தது. அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் விற்க வேண்டுமே? தினமும் பொழுது சாயும்போது மிராசுதாரின் காரியக்காரர் மதகடியில் நின்றுகொண்டு, "என்னம்மா, மாவு வியாபாரம் எப்ப முடியுது? சம்பா நடவுக்கு ஆள் வேணும்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே மாவு விற்றாக வேண்டியிருந்தது.

"ஏண்ணே, புட்டு மாவுன்னு பெருசா போட்டா போதாதா?" என்றாள் அம்சம், உறை எழுத உட்கார்ந்த அமிர்தலிங்கத்திடம்.

"அது பொட்டிக்கடைக்காரன் புத்தி. உள்ள என்ன இருக்குன்னு வாங்குறவனே கண்டுபிடிக்கணும் தங்கச்சி. அப்பத்தான் சுவாரசியம்."

"வாங்குனாத்தானேண்ணே கண்டுபிடிப்பாங்க?"

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். மேதைகள் கேள்விக்கு நிற்பதில்லை. உறையின் தலையில் 'உழைப்பவர் உயர்ந்திட, ஊரெல்லாம் உவந்திட' என்று எழுதினார். அதன் கீழே மூன்று வட்டத்தில் மூன்று முகம். பின்பக்கத்தில் மாவு பிசையும் பக்குவம், எறும்பு படிக்கும் எழுத்தில். 'புட்டு மாவு' என்ற இரண்டு சொல்லும் பாக்கெட்டின் வாயை மடித்துக் கம்பிப்பின் அடிக்கும் இடத்தில் போய் ஒளிந்துகொண்டன. இதோடு விட்டாரா? எட்ட நிற்பவன் கண்ணைக் குத்த வேண்டும் என்று, விவசாய டிப்போ அலமாரியில் தான் பார்த்து மயங்கிய ஒரு சாய்சதுரத்தை நடுவில் போட்டு, கீழ்ப்பாதிக்கு ரத்தச் சிவப்பு அடித்து, மேல்பாதியில் புட்டுக்குப் பொருத்தமாக மூன்று கண்ணுள்ள தேங்காய் ஒன்றை வரையச் செய்தார்.

டெல்டாவில் எழுத்துக்கூட்டத் தெரியாத ஆளுக்கும் அந்தச் சாய்சதுரம் தெரியும். நெல்லில் விழும் புகையான் பூச்சிக்கு மருந்து அடித்த வீடு ஒவ்வொன்றிலும், அந்த மருந்து டப்பாவின் மேல் அது இருக்கும். அமிர்தலிங்கம் வயலில் இறங்காதவர், அவர் கண்ணுக்கு அது வெறும் அழகு.

மளிகைக் கடை அப்துல் மஜீது நல்ல மனிதர். முப்பது பாக்கெட்டை வாங்கி முன்வரிசையில் அடுக்கினார். ஐந்து மா நிலம் வைத்திருக்கும் ஞானாம்பாள் டீச்சர் வந்தார். ஒன்றை எடுத்தார். மண்டை ஓட்டையும் சிவப்பையும் பார்த்தார். ஆமாம், கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் தேங்காய் மண்டை ஓடுதான். சட்டென்று கீழே வைத்துக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"என்ன பாய் இது, பூச்சிமருந்தக் கொண்டாந்து பருப்புப் பக்கத்துல வச்சிருக்கீங்க? எங்க வீட்டுல இத மாட்டுக்கொட்டகையில பூட்டி வச்சிருக்கோம்."

"டீச்சர், டீச்சர், அது புட்டு மாவு!"

"அப்ப நீங்க சாப்பிடுங்க."

ஒரு வாரம் ஒரு பாக்கெட் நகரவில்லை. பருப்பு வாங்க வந்தவர்களும் ஒதுங்கினார்கள். எட்டாம் நாள் மஜீது மூட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது, அம்சம் கடை வாசலிலேயே ஒரு பாக்கெட்டைக் கிழித்து, ஒரு பிடி மாவை அள்ளி எல்லோர் முன்னாலும் வாயில் போட்டுக்கொண்டாள். இருமினாள். கண்ணில் நீர் வந்தது, அது மாவினால் மட்டும் வந்ததில்லை.

மஜீது தண்ணீர் கொடுத்து, கடலை மிட்டாய்க்கு வைத்திருந்த கண்ணாடித்தாள் பைகளில் ஒரு கட்டை எடுத்து நீட்டினார்.

"இதுல போட்டுக் கட்டும்மா. மாவு நல்லாத் தெரியட்டும்."

உள்ளே சிவப்பரிசி மாவு. ஒரு சின்னத் துண்டுச் சீட்டு: 'புட்டு மாவு'. அவ்வளவுதான். ஞானாம்பாள் டீச்சரே இரண்டு வாங்கினார். சம்பா நடவு முடிகிறவரை ஏழு பேரில் ஒருத்தியும் மிராசுதார் வயலுக்குப் போக மதகைத் தாண்டவில்லை. அமிர்தலிங்கம் என்ன சொன்னார் என்கிறீர்களா? "மேல ஒண்ணும் போடாம சும்மா விட்டுப் பாருங்கன்னு யோசனை குடுத்ததே நான்தான்."

வெட்கங்கெட்ட மனிதர் என்று திட்டுகிறீர்கள். திட்டுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். அந்த வெறும் கண்ணாடித்தாள் பையைப் பற்றிப் படித்தபோது, அதன் மூலையில் சின்னதாக ஒரு நெற்கதிர் போட்டால் எடுப்பாக இருக்குமே என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? தோன்றியிருந்தால், தயவுசெய்து அம்சத்தின் வீட்டுக்கு வழி கேட்காதீர்கள். காரியக்காரர் இன்னும் மதகடியில்தான் நிற்கிறார்.