பச்சைக் குடைக்காரியை அனுப்பியது நீயா?

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் கடவுள் புண்ணியத்தில் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுமென்று காலைப் பிரார்த்தனையில் தவறாமல் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை முழுதாகப் படி. வழக்கம்போல் முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் மட்டும் படித்துவிட்டு போன் செய்யாதே.

நான் நூற்ற கம்பளி நூலை விற்கப் போன நூல் திருவிழாவில் என் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான். உன் அத்தான், பாதி நேரம் தூங்கினாலும் இருந்தார். இடப்பக்கத்து மேசையில் சாயம் தோய்த்த நூல் விற்கும் ஒரு அம்மா. வலப்பக்கம் ஒரு ஆட்டுக்காரர். அவர் கயிற்றில் ஒரு ஆடு. கடைசியாக, கடை கட்டும் நேரத்தில் வந்த பச்சைக் குடைக்காரி. இந்த ஆறு பேரில் ஐந்து பேரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை.

நான் ராட்டை வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. யாரும் சொல்லித் தரவில்லை, நானே நூலை அறுத்து அறுத்துக் கற்றுக்கொண்டது. தினமும் பிரார்த்தனை முடிந்ததும் உட்காருவேன். அந்த வலப்பக்கத்து ஆட்டுக்காரரிடம்தான் ரோமம் வாங்கி, அலசி, சீப்பில் வாரி, நூற்று, நூலை வளையமாகச் சுற்றிக் கட்டி, பதினொரு சிட்டம் சேர்த்திருந்தேன். எல்லாம் சாம்பல் நிறம். விழாவில் மேசை கிடைத்ததும் விலைச்சீட்டு எழுத உட்கார்ந்தேன். விலையை எழுதியதும் கை நின்றுவிட்டது. வாங்குகிறவர் பிரித்துப் பார்க்க முடியாது, உள்ளே இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும், தெரிந்ததைச் சொல்லாமல் காசு வாங்கிவிட்டு மறுநாள் எந்த முகத்தோடு பிரார்த்தனைக்கு உட்காருவது? அதனால் ஒவ்வொரு சீட்டிலும் விலைக்குக் கீழே குறையையும் எழுதினேன். "தொடக்கத்திலிருந்து கால் பங்கு தள்ளி ஓரிடத்தில் பருத்திருக்கும். பால் பொங்கியதால் எழுந்து போனேன்." "கடைசிப் பாதியில் முறுக்கு தளர்வு. பிரார்த்தனையில் மனம் நிற்காத நாளில் நூற்றது." "மூன்று முறை அலசியும் ஆட்டு வாசனை போகவில்லை." ஒரே ஒரு சிட்டத்தில் மட்டும், எவ்வளவு யோசித்தும் எதுவும் நினைவுக்கு வராததால், "குறை ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதினேன். அதை எழுதும்போது கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. எல்லாச் சீட்டின் பின்பக்கமும் நம் வீட்டு விலாசம், குறை இருந்தால் கொண்டு வரவும் என்று.

உன் அத்தான் ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு, "இது விலைச்சீட்டா, ஸ்டேஷன்ல குடுத்த வாக்குமூலமா? இதுல விலாசம் வேற. வீட்டுக்கே வந்து சண்டை போடுங்கன்னு வெத்தலை பாக்கு வச்சு கூப்பிடுறியா?" என்றார்.

காலையிலிருந்து கூட்டத்துக்குக் குறைவில்லை. என் மேசைக்கு வந்த அளவு வேறு எந்த மேசைக்கும் வரவில்லை என்று பெருமையாகவே சொல்வேன். வந்தவர்கள் படித்தார்கள். "இங்க வாயேன், பால் பொங்கிடுச்சாம்!" என்று ஒருத்தி தன் தோழியைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருவரும் சிரித்து, போட்டோ எடுத்து, எனக்கு நன்றி சொல்லிவிட்டு, சாயக்கார அம்மாவிடம் போய் நூல் வாங்கினார்கள். அந்த அம்மாவுக்கே என்மேல் பரிதாபம் வந்துவிட்டது. "அக்கா, நானும் எத்தனையோ வருஷமா விக்கிறேன். முதல் துவையல்ல சாயம் போகும்னு நான் எழுதி வச்சா வீட்டுக்குப் போக பஸ் காசு மிஞ்சாது. நீங்க 'கையால் நூற்றது'ன்னு மட்டும் எழுதுங்க. எல்லா மேடு பள்ளத்துக்கும் அந்த ஒரு வார்த்தை போதும்" என்றாள். நான் கை கழுவப் போய்த் திரும்புவதற்குள் உன் அத்தான் எல்லாச் சீட்டையும் குப்புறத் திருப்பி வைத்திருந்தார். நான் நிமிர்த்தி வைத்தேன். அவர் டீ வாங்கி வந்தார், நான் குடித்தேன், கீழே பார்த்தால் மறுபடி குப்புறக் கிடக்கின்றன. மறுபடி நிமிர்த்தினேன். பகல் முழுக்க இதுதான் எங்கள் வியாபாரம். அந்த ஆடு வேறு, தன் சட்டையை யாரோ விற்கிறார்களே என்பது போல என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. மத்தியானம் கழுத்தை நீட்டி ஒரு சீட்டைத் தின்றுவிட்டது, சரியாக அந்த வாசனை போகாத சிட்டத்தின் சீட்டை. "பாத்தியா, அதுக்கே ரோஷம் வந்துடுச்சு" என்றார் உன் அத்தான். நான் புதுச் சீட்டு எழுதினேன். வாசனையை முன்போலவே எழுதி, பழைய சீட்டை ஆடு தின்றுவிட்டதையும் சேர்த்தேன்.

சாயங்காலம் பதினொன்றும் அப்படியே இருந்தன. மூட்டை கட்டக் குனிந்தபோதுதான் பச்சைக் குடைக்காரி வந்தாள். ஒவ்வொரு சீட்டையும் எடுத்துப் படித்தாள். சிரிக்கவில்லை. நூலை இழுத்துப் பார்த்தாள், கழுத்தில் உரசிப் பார்த்தாள். பிறகு, "எல்லாத்தையும் குடுங்க" என்றாள்.

"எல்லாமேவா?"

"ஆமா."

"அதுல ஒண்ணு முறுக்குத் தளர்வும்மா..."

"படிச்சேன்."

"அந்த ஓரத்துல இருக்கறது வாசனை..."

"மோந்து பாத்தேன்."

"விலை..."

"அதையும்தான் படிச்சேன். பையில போடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பேரம் பேசவில்லை தம்பி. ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. நான் பாக்கியை எண்ணிக்கொண்டிருக்கும்போதே, "சில்லறை இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள்.

உன் அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. சாயக்கார அம்மா கை தட்டினாள். நான் மட்டும் அவள் விட்டுப்போன சில்லறையை மறுபடி எண்ணினேன். பஸ்ஸில் அவர், "விக்கலன்னாலும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குற, வித்தாலும் தூக்கி வச்சுக்குற. உன்னோட எப்படித்தான் வியாபாரம் பண்றது?" என்று கேட்டார். என் நினைப்பெல்லாம் அந்தச் சில்லறையில்தான். நம் வீட்டில் "சில்லறை இருக்கட்டும்" என்று சொல்கிற ஆள் யார்? ஆட்டோக்காரரிடமும் சொல்வாய், மருந்துக் கடையிலும் சொல்வாய், நீ ஒருவன்தான். விழாவைப் பற்றி நான் சொன்னதும் உன்னிடம் மட்டும்தான்.

இன்னொன்றையும் இப்போது சொல்லிவிடுகிறேன். முன்பு நான் பன்னிரண்டு தலையணை உறை தைத்தேனே, உன் ஆபீஸ் சிநேகிதர்கள் சண்டை போட்டு வாங்கிக்கொண்டார்கள் என்று நீ பணம் அனுப்பினாயே, உன் மனைவியின் பிரசவத்துக்கு வந்தபோது துண்டு தேடி உன் வீட்டு அலமாரியைத் திறந்தேன். பன்னிரண்டும் மடித்தபடி இருந்தன. துண்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். உன் நல்ல மனசு எனக்குத் தெரியும், அதனால்தான் இத்தனை வருஷம் வாய் திறக்கவில்லை. ஆனால் அதன்பிறகு நான் தையல் மிஷினைத் தொடவில்லை, கவனித்தாயோ என்னவோ.

வீட்டு மனிதர்கள் நாம் செய்ததைக் கையில் எடுத்தால் நம்மைத்தான் பார்க்கிறார்கள். நன்றாக இருக்கிறது என்று உன் அத்தான் சொல்வதும் அப்படித்தான். அதில் தப்பில்லை, அதை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது. ஆனாலும் என்னை முன்பின் தெரியாத ஒருத்தி, என் நூலை மட்டும் பார்த்து, இது எனக்கு வேண்டும் என்று ஒரே ஒருமுறை சொல்ல மாட்டாளா என்றுதான் அந்த மேசைக்குப் போனேன். அவள் அப்படி வந்தவளா, நீ அனுப்பி வந்தவளா? என் கணக்கில் விற்பனைக்கு ஒரு பக்கம், அன்பளிப்புக்கு ஒரு பக்கம் இருக்கிறது. இந்த வரவை எதிலும் எழுத முடியாமல் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த விழாவுக்கு மேசை வேண்டுமா என்று இந்த மாதத்துக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். நீ அனுப்பியிருந்தால் கோபப்பட மாட்டேன். ராட்டையைப் பரணில் ஏற்றிவிட்டு, நிம்மதியாகப் பிரார்த்தனையை மட்டும் பார்ப்பேன். உண்மையை எழுது.

பிள்ளைகளுக்கு முத்தம். உன் மனைவியிடம் அதிகம் வேலை செய்ய வேண்டாம் என்று சொல். கடவுள் உங்கள் நால்வரையும் தன் நிழலிலேயே வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. கவரை ஒட்டப் போகும்போது வாசலில் மணி அடித்தது. பச்சைக் குடை! கையில் நம் விலாசம் உள்ள சீட்டு. உள்ளே வா என்று சொல்லக்கூட விடவில்லை. "'குறை ஒன்றும் தெரியவில்லை'னு எழுதியிருக்கீங்களே, உள்ள ரெண்டு முடிச்சு! மத்ததுல எல்லாம் எந்தெந்த இடத்துல குறைன்னு எழுதுனீங்களோ அதே இடத்துல இருந்துச்சு. பாத்துப் பாத்து ஸ்வெட்டரோட பின்பக்கத்துக்கு ஒதுக்கிக்கிட்டேன். நூல் விக்கிறவங்க யாரு இதெல்லாம் சொல்றாங்க? அந்தச் சீட்டை நம்பித்தானே பதினொண்ணையும் வாங்குனேன், இதை முன்பக்கத்துக்கு வச்சேன்? இப்போ நெஞ்சு வரைக்கும் பின்னினதைப் பிரிக்கணும், யாரு பிரிக்கிறது?" என்றாள். நான், "உங்களுக்கு என் தம்பியைத் தெரியுமா?" என்று கேட்டேன். "உங்க தம்பி யாரா இருந்தா எனக்கென்ன? அவர் அவ்வளவு பெரிய ஆளா? முடிச்சுக்குப் பதில் சொல்லுங்க! அன்னிக்கு விட்ட சில்லறையையும் எடுங்க" என்றாள். தம்பி, நீ காசு கொடுத்து அனுப்புகிறவர்கள் யாரும் இப்படித் திட்ட மாட்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் பயந்துபோய்க் குரலைத் தாழ்த்தினாள். சில்லறையை எண்ணிக் கொடுத்தேன், உட்கார வைத்து டீ கொடுத்தேன், அவள் பின்னியதை இருவருமாகப் பிரித்தோம். வரவை விற்பனைப் பக்கத்தில் பேனாவால் எழுதிவிட்டேன், அடுத்த விழா மேசைக்கும் சரியென்று சொல்லிவிட்டேன். உன்னைச் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துக்கொள். இப்போது கேட்பது வேறு. அந்தப் பன்னிரண்டு தலையணை உறையையும் வெளியே எடுத்துப் பார். தையல் எங்கே விட்டிருக்கிறது, எதில் பொத்தான் கோணல் என்று ஒன்றுவிடாமல் எழுது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதாதே. பதில் சீக்கிரம் போடு.