கேசரிக்கு ஒரு மாத்திரை

டாக்டர் சொல்வதில் பாதியை மட்டும் காதில் வாங்கும் திறமை எனக்குப் பிறவியிலேயே உண்டு. அதனால்தான் என் தங்கை செல்வியைப் பெண் பார்க்க வந்தவர்கள் விழுந்தடித்துத் தெருவுக்கு ஓடினார்கள்.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில், முப்பத்தாறு வயதில், எனக்குச் சீனி வந்தது. எங்கள் விஸ்வநத்தத்துப் பழைய டாக்டர் சோற்றையும் இனிப்பையும் அடியோடு நிறுத்தினார். இரண்டு வருடம் கேப்பைக் களியும் பாகற்காயும்தான். (கடைசியில் முகமும் பாகற்காய் மாதிரி ஆகிவிட்டதாக என் மனைவி சொல்வாள்.) பிறகு விருதுநகரில் ஓர் இளம் டாக்டரம்மா, "இப்பல்லாம் அப்படிப் பட்டினி கிடக்க வேண்டாம். சோறும் அளவாச் சாப்பிடலாம். மாத்திரை போட்டா நேரத்துக்குச் சாப்பிடணும்" என்றார். நான் காதில் வாங்கியது: மாத்திரை போட்டால் சாப்பிடலாம்!

பெண் பார்க்கும் நாளன்று வீடெல்லாம் நெய் வாசம். மாப்பிள்ளை வீட்டார் பதினோரு மணிக்கு வருவதாகப் பேச்சு. பத்தரைக்கே வழக்கமான மாத்திரையோடு கேசரிக்கென்று இன்னொன்றையும் விழுங்கிவிட்டு, வயிற்றைக் காலியாக வைத்துக் காத்திருந்தேன். ஆனைக்குட்டம் பக்கத்தில் அவர்கள் வேன் பஞ்சர். வந்து சேர மணி ஒன்றாகிவிட்டது. அதுவரை கேசரிக்கு அம்மா காவல். எனக்குச் சீனி இருப்பதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்றும் உத்தரவு. தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று எங்கள் எல்லோருக்கும் பயம்.

செல்வி காபி கொண்டுவந்த நேரத்தில் வெறும் வயிற்றில் சீனி ஒரேயடியாக இறங்கி, வேர்வையில் சட்டை நனைந்தது, கண் இருட்டியது.

"என்ன தம்பி, ஒரு மாதிரி இருக்கீக?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"மருந்து கூடிப்போச்சு... டபுளாப் போட்டுட்டேன்."

"எங்கன?"

"உள்ளதான்..."

அவர் முப்பது வருடம் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவர். நான் அதே தொழிலில் போர்மேன் என்பதும் அவருக்குத் தெரியும். எங்கள் பக்கம் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான். (மாத்திரையெல்லாம் அப்புறம்தான்.)

"ஏலே, வீட்டுக்குள்ளயே மருந்து வச்சிருக்காக! வெளிய ஓடுங்கலே!"

ஒரே நிமிடத்தில் வீடு காலி. நான் மட்டும் தவழ்ந்து போய், கேசரிச் சட்டியைக் கட்டிக்கொண்டு அள்ளி அள்ளித் தின்றேன். உயிர் திரும்பியதும் வாசலுக்கு வந்து உண்மையைச் சொன்னேன். அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா முகம் கறுத்தது. "சீனி இருக்கதை மறைச்சுட்டீகளே?"

ஓடும்போது பிடித்த செல்வியின் கையை மாப்பிள்ளை இன்னும் விடவே இல்லை. அதைப் பார்த்ததும் அவர் அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இனி என்னத்தப் பேச? கேசரி மிச்சம் இருந்தாக் கொண்டாங்க" என்றார்.

அப்போதுதான் என் மனைவியைத் தேடினேன். பதினோரு வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள், தெருமுனையில், எல்லோருக்கும் முன்னால் நின்றிருந்தாள்.

இன்றும் நான் மாத்திரை அட்டையைப் பிரித்தால் மாப்பிள்ளை செல்வியின் கையைப் பிடித்துக்கொள்வார். என் மனைவி செருப்பைத் தேடுவாள்.