டோக்கிலிக்கு ஒரு சாட்சி

"பேரை மாத்தணுமாம். பதினஞ்சு நாள் டைம்" என்று முதலாளி நோட்டீஸை மனைவியிடம் நீட்டினார்.

முதலாளி என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். இரண்டு மேஜை, ஒரு போன், அதை எடுத்துப் பேச மனைவி, அவ்வளவுதான் கம்பெனி. கிளினிக்குகளில் நோயாளிகளுக்கு டோக்கன் போடும் மென்பொருளை எழுதி, ஆறு மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டு 'டோக்கிலி' என்று பெயர் வைத்தார். அதே வேலைக்கு 'டோக்கிலா' விற்கும் பெரிய கம்பெனிக்கு அது பொறுக்கவில்லை.

போன் அடித்தது. "ஆமாங்க... ஒரு தடவை அணைச்சுப் போடுங்க" என்று சொல்லி வைத்த மனைவி அலுத்துக்கொண்டாள். "மொத்தமே அறுபது வாடிக்கையாளர். தினம் நூறு போன் வருதுங்க."

"நம்ம மேல அவ்வளவு பாசம்" என்றார் முதலாளி.

விற்பனையெல்லாம் இணையத்தில். யார் முகமும் அவருக்குத் தெரியாது.

முதலில், வித்தியாசம் தெரியட்டும் என்று திரையின் நீல நிறத்தைப் பச்சையாக்கினார். டோக்கிலா போன வாரமே பச்சைக்கு மாறியிருந்தது. இரண்டாவது நோட்டீஸ் வந்தது.

'எங்களுக்கும் டோக்கிலாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று இணையதள முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டார். அனுமதியின்றி எங்கள் பெயரைப் பயன்படுத்தியது ஏன் என்று மூன்றாவது வந்தது.

கடைசியில் வர்த்தகப் பெயர்ப் பதிவு அலுவலகத்தில் விசாரணை. "ரெண்டு கம்பெனிப் பேரையும் ஜனங்க குழப்பிக்கலைன்னு சொல்ல ஒரு வாடிக்கையாளரைக் கூட்டிட்டு வாங்க" என்றார் பதிவு அதிகாரி.

"அந்தப் பல் டாக்டரைக் கூப்பிடுங்க. எட்டு வருஷமா தினம் பேசறாரு" என்றாள் மனைவி. டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, மடிக்கணினியும் கையுமாக வந்தே விட்டார். முதலாளிக்குக் கண் கலங்கியது. பெயர் பிழைத்தது என்று நினைத்தார்.

"இவங்களை மாதிரி வராது சார். ஞாயித்துக்கிழமைகூட போனை எடுப்பாங்க" என்று டாக்டர் சாட்சி சொன்னார். "நீங்களே பாருங்க" என்று கணினியைத் திறந்து அதிகாரி பக்கம் திருப்பினார்.

திரை முழுக்கப் பச்சை. நடுவில், 'டோக்கிலா தங்களை வரவேற்கிறது.'



"இது அவங்களோடதாச்சே" என்றார் அதிகாரி.

"அப்படியா? நெட்ல தேடினப்ப இவங்க நம்பர்தான் வந்துச்சு" என்றார் டாக்டர், கொஞ்சமும் அசராமல்.

எதிர்த்தரப்பு வக்கீல் மலர்ந்த முகத்தோடு எழுந்தார். பின்னாலிருந்த டோக்கிலா மேனேஜர் அவர் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு, முதலாளியிடம் வந்து குனிந்து, ரகசியமாகச் சொன்னார்:

"கேஸை வாபஸ் வாங்கிக்கறோம் சார், பேரை மட்டும் மாத்திடாதீங்க... ஒரு புகார்கூட வரலையேன்னு எங்க சர்வீஸ் டிபார்ட்மென்ட்டை மூடியே மூணு வருஷமாச்சு."