மணி அடித்ததும் கும்பிட்ட பிணம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். கோயில் காரியத்தில் முன்னால் நிற்கிறவன், சினிமாவில் பிணமாகப் படுத்தேன் என்று எப்படி எழுதுவது? ஈசுவரன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

யுத்தம் நடந்த காலம். கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியிருந்தது. போலிச் சாமியாரை யாரோ கொன்றுவிடுகிறார்கள். கொன்றவனைப் போலீஸ்காரர் ஒருவர் தேடுகிறார். படித்தவர்களெல்லாம் கட்சி கட்டிச் சண்டை போட்ட ஒரு நாவலின் கதை. (இது எனக்குப் பிறகுதான் தெரியும். என்னிடம் சொன்னது, சிவனடியார் ஒருவர் சிவபதம் அடைகிற காட்சி என்று.) மலைக்காரர்கள் யாரும் பிணமாகப் படுக்க ஒப்பவில்லை. நானோ காரவள்ளியிலிருந்து சாமி கும்பிட ஏறி வந்தவன். நெற்றியில் பட்டை, கழுத்தில் உத்திராட்சம். வேஷமே வேண்டாம் என்று பிடித்துக்கொண்டார்கள். புண்ணியம்தானே என்று படுத்தேன்.

"பிலிம் கிடைக்காத காலம் சார். ஒரு தடவைதான் எடுக்க முடியும். அசையாதீங்க" என்றார் டைரக்டர்.

அசையவில்லை. கட்டெறும்பு ஒன்று காதுக்குள் குடித்தனம் வைத்தது, அதையும் பொறுத்தேன். போலீஸ் வேஷக்காரர் குனிந்து நாடி பார்த்து, உயிர் போய்விட்டது என்றார். அந்த நேரம் பார்த்துக் கோயிலில் உச்சிகால மணி அடித்தது.

நினைவு தெரிந்த நாள் முதல் மணிச் சத்தத்துக்குக் குவிந்த கை. நான் என்ன செய்வேன்? எழுந்து உட்கார்ந்து, தலைக்கு மேல் கைகூப்பி, "சிவசிவா" என்றேன். கண்ணைத் திறந்தபோது போலீஸ்காரர் மிளகுக் கொடிகளைப் பிய்த்துக்கொண்டு பள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்தார். (நிஜமாகவே.) டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நான் மெதுவாக மலையிறங்கிவிட்டேன்.

அப்போது காளப்பநாயக்கன்பட்டியில் எனக்குப் பெண் பேசி, நிச்சயம் மட்டும் பாக்கி. அந்த நாவலைத் தொட்டவன் தன் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பெண்ணின் அப்பா. அந்த ஊருக்கே படம் வந்தது, டூரிங் கொட்டகையில். நோட்டீஸில் 'நகைச்சுவை மர்மப் படம்' என்று போட்டிருந்தது. (வெறும் மர்மப் படமாகத்தான் கிளம்பியது. நகைச்சுவை என் கைங்கரியம்.)

"திட்டறதுக்காச்சும் ஒருக்காப் பாக்கோணுமுங்களே. வாங்க மாப்பிள்ளை" என்று என்னையும் அழைத்துப் போனார்.

மணலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மிஷின் நின்றுபோக வேண்டுமென்று பழனிக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். மிஷின் நிற்கவில்லை. திரையில் நான் செத்தேன், மணி அடித்தது, கும்பிட்டேன். கொட்டகையே உருண்டு சிரித்தது. ஒன்ஸ்மோர் கேட்டு இன்னொரு தரம் ஓட்டினார்கள். மறுபடியும் கும்பிட்டேன்.

மாமா சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார், என் உத்திராட்சத்தைப் பார்த்தார்.

"நீங்கதானுங்களா அது?"

"ஆமாங்க. சாமி படம்னு சொன்னாங்க."

கல்யாணம் போயிற்று என்று நினைத்தேன். இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் சொன்னார்:

"உசுரோட இருக்கறவனே மணி அடிச்சாத் திரும்பிப் பாக்கறதில்லைங்க. நீங்க செத்துங்கூடக் கும்புட்டிருக்கறீங்க. வர்ற தையிலேயே வெச்சுக்கலாமுங்க."

அப்படியே நடந்தது. இன்றைக்கும் நான் பகலில் கண்ணசந்தால் என் மனைவி தொட்டு எழுப்பமாட்டாள். பூஜை மணியை ஆட்டுவாள். பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். (கை தானாக எழும்பித் தொலைக்கிறது.)

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பிணம் எழுந்து ஓடியதாக என் மச்சினன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். ஓடியது போலீஸ்காரர். பிணம் கும்பிட்டது, அவ்வளவுதான்.